புதன்கிழமை வாங்க

2018

ஜனவரி 3, புதன்

ஓய்வூதியர் சங்கத்தில் டைரி கொடுத்தார்கள். போன வருடத்தைவிட அட்டை மட்டம். ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் மை தெரிகிறது. சந்தாவை மட்டும் ஏற்றத் தெரிந்திருக்கிறது. கொடுத்ததை வீணாக்க வேண்டாமே என்று எழுத ஆரம்பிக்கிறேன். முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவர்களுடைய பணிப்பதிவேட்டை எழுதியவன் நான். ஒரு தணிக்கை ஆட்சேபணை வாங்கியதில்லை. அதைச் சும்மா சொல்லவில்லை. வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைவாய்ப் பல் வலிக்கிறது. பிடுங்கிவிட்டு வரச்சொல்கிறாள் ராஜாமணி. மார்கழியில் எதற்கு, தை பிறக்கட்டும் என்றேன்.

"பல்லப் புடுங்கக்கூட நாள் பாக்குற ஒரே மனுசன் நீங்கதான்" என்றாள்.

கல்யாணமாகி நாற்பது வருடமாக என்னோடு குப்பை கொட்டுகிறாள். நான் நாள் பார்த்துக் கொடுத்து எந்தக் காரியமும் கெட்டதில்லை என்று அவளுக்கே தெரியும்.

ஜனவரி 19, வெள்ளி

பூரணம் டீச்சர் வந்திருந்தார். எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் தையல் ஆசிரியை. மகள் தேவகியும் கூட. தேவகிக்கு இருபத்தேழு வயது. மனசு மட்டும் ஐந்தாறு வயதிலேயே நின்றுவிட்டது. வந்ததும் என் மேஜைக்கு ஓடி, இழுப்பறையைத் திறந்து, "சீலு? சீலு?" என்று கேட்டாள். அலுவலகத்தில் இருந்த காலத்தில் ரப்பர் முத்திரையும் பழைய தாளும் கொடுத்து உட்கார வைப்பேன். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. அவள் இன்னும் மறக்கவில்லை. என்னிடம் ஏது முத்திரை? ராஜாமணி முறுக்குக் கொடுத்துச் சமாளித்தாள்.

டீச்சர் வருகிற மே மாதத்தோடு ஓய்வு. அதனால் வழக்குப் போட்டிருக்கிறாராம், உயர் நீதிமன்றத்தில்.

விஷயம் இதுதான். 2003 மார்ச் 31 வரை அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். எனக்கு வருவது அது. சாகிறவரை மாதாமாதம் வரும். செத்தபிறகு மனைவிக்கு, அப்புறம் பிழைக்க வழியில்லாத பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்கு, அதன் ஆயுள் வரைக்கும் வரும். ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு இது எதுவும் கிடையாது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கையில் கொடுத்து வாசல்வரை வழியனுப்பிவிடுவார்கள். இந்த அரசாணை வந்தது 2003 ஆகஸ்டில். வந்ததும் முன்தேதியிட்டு, ஏப்ரல் ஒன்றிலிருந்தே செல்லும் என்று சொன்னது.

பூரணம் டீச்சருக்கு நியமன ஆணை வந்தது மார்ச் 27. பணியில் சேர்ந்தது ஏப்ரல் 2, புதன்கிழமை.

"மார்ச் முப்பத்தொண்ணாம் தேதியே நான் வந்தேன்ல சார். நீங்கதான இருந்தீங்க. அன்னிக்கு இருந்த எச்.எம். அம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. கோர்ட்டுல இருந்து கேட்டா உங்களத்தான் கேப்பாங்கன்னு வக்கீல் சொல்றாரு. உள்ளத எழுதிக் குடுங்க சார். எனக்கு அது போதும்."

தாராளமாக என்றேன். அதில் என்ன இருக்கிறது.

ஜனவரி 20, சனி

காஸ் பதிவு செய்தேன். தண்ணீர் வரவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

தை பிறந்தும் பல்லுக்கு நாள் அமையவில்லை. கிராம்பு வைத்துச் சமாளிக்கிறேன்.

நேற்று மீன் கடையில் பூரணம் டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். தேவகி தாயைவிட ஒரு சாண் உயரம் வளர்ந்துவிட்டாள். அவள் புருஷன்... தவறு, டீச்சரின் புருஷன், வேலை கிடைப்பதற்கு நாலு வருடம் முன்பே லாரி மோதி இறந்துபோனவர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் பதிவைப் புதுப்பித்து, நாற்பத்து மூன்றாவது வயதில்தான் டீச்சருக்கு வேலை வந்தது.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வஞ்சிரம் விலை கேட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22, வியாழன்

பள்ளியிலிருந்து கடிதம். இப்போதைய தலைமையாசிரியர் பிச்சைமணி கையெழுத்து. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னைக் கேட்கிறார். திருமதி பூரணம் 31.3.2003 முற்பகல் பள்ளிக்கு வந்தது உண்மையா, வந்திருந்தால் ஏன் அன்றே பணியில் சேர்க்கப்படவில்லை என்று அப்போதைய இளநிலை உதவியாளர் குருநாதன் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுமாம்.

கடிதத்தில் இரண்டு பிழை. என் காலத்தில் இப்படி ஒரு கடிதம் வெளியே போயிருக்காது.

பிப்ரவரி 26, திங்கள்

கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுப்புராயலுவைப் பார்க்கப் போனேன். பெயர் சொல்லாமல், பொதுவாகக் கேட்டேன். வேலையில் இருந்தபோது நடந்த ஒரு தவறு இப்போது தெரியவந்தால் ஓய்வூதியத்தில் கை வைப்பார்களா?

"நடந்து நாலு வருசம் தாண்டிருச்சுன்னா ஒண்ணும் செய்ய முடியாதுப்பா. ரூல் இருக்கு. யாருக்கு, உனக்கா?" என்றார்.

சொந்தக்காரர் ஒருவருக்கு என்றேன். காபி நன்றாக இருந்தது.

மார்ச் 5, திங்கள்

கடிதத்துக்கு வரைவு எழுதினேன். கிழித்தேன்.

மார்ச் 9, வெள்ளி

இன்று அஷ்டமி. நாளை நவமி. நல்ல காரியத்துக்கு எழுதும் கடிதத்தை இந்த நாட்களில் எழுதக்கூடாது. ராஜாமணியிடம் அப்படித்தான் சொன்னேன்.

"நெசத்த எழுத எதுக்குங்க நாளு?" என்று கேட்டாள்.

அவளுக்கு அலுவலக நடைமுறை தெரியாது. ஒரு வாரம் என்றால் ஒரு மாதம் என்று அர்த்தம். நினைவூட்டுக் கடிதம் வரட்டும்.

மார்ச் 14, புதன்

நினைவூட்டுக் கடிதம் வந்துவிட்டது. பிச்சைமணி தொலைபேசியிலும் பேசினார்.

"சார், பெரிய ஆபீஸ்ல ரொம்ப நெருக்குறாங்க. நம்ம பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேரு வராத மாதிரி பாத்து எழுதுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருடம்.

மார்ச் 16, வெள்ளி

கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நடந்ததை எழுதியிருக்கிறேன். அவர் 31ஆம் தேதி வந்தார் என்று தெளிவாகவே குறிப்பிட்டிருக்கிறேன்.

தபால் அலுவலகத்தில் பசை இல்லை. ஒரு நாட்டின் தபால் துறையில் பசை இல்லையென்றால் என்ன சொல்வது.

மார்ச் 31, சனி

பதினைந்து வருடம்.

மார்ச் முப்பத்தொன்று என்றால் என்னவென்று வெளியாருக்குத் தெரியாது. நிதியாண்டின் கடைசி நாள். பள்ளிக்கு ஒதுக்கிய தொகைக்கு அன்றைக்குள் கருவூலத்தில் பில் பாஸ் ஆகாவிட்டால், ஒதுக்கியது ஒதுக்கியபடி திரும்பிப் போய்விடும். அந்த வருடம் பெஞ்சு வாங்கிய பில். மூன்று முறை ஆட்சேபணை போட்டுத் திருப்பியிருந்தார்கள். எச்.எம். அம்மா காலை ஒன்பது மணிக்கே கருவூலத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கடைசிப் பிரதியைத் தயார் செய்து, பத்தரைக்குள் கொண்டு போக வேண்டும். அந்தப் பில் பாஸ் ஆகாமல் போயிருந்தால் நூற்றிருபது பிள்ளைகள் இன்னொரு வருடம் தரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு வாசலில் ஓர் அம்மா. கையில் நியமன ஆணை, மருத்துவச் சான்று, எல்லாம் பாலித்தீன் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். முந்தானையைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வயதுப் பெண். ஒருவரை வேலையில் சேர்ப்பதென்றால் சும்மா இல்லை. சேர்க்கை அறிக்கை நாலு பிரதி, பணிப்பதிவேடு திறக்க வேண்டும், சான்றுகளைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை.

பிள்ளை அழ ஆரம்பித்தது. பள்ளிக்கு வரும் தபாலில் தேதி குத்தும் முத்திரையையும் ஒரு பழைய தாளையும் அதன் கையில் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் நட்சத்திரம் என்ன என்று கேட்டேன். அனுஷம் என்றார். இன்றைக்கு உங்களுக்குச் சந்திராஷ்டமம், நாளைக்குச் செவ்வாய், புதன்கிழமை வாங்க என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. வரப்போகும் அரசாணை அன்றைக்குக் கோட்டையில் இருந்தவர்களுக்கே தெரிந்திருக்காது. எனக்கு எப்படித் தெரியும்?

பில் பாஸ் ஆயிற்று. பெஞ்சுகள் இன்னும் இருக்கின்றன.

ஏப்ரல் 2, திங்கள்

வருடா வருடம் போல இந்த வருடமும் டீச்சர் வந்தார். ஏப்ரல் 2 அன்று கால் கிலோ மைசூர்பாகு. வேலையில் சேர்ந்த நாளுக்காக. அலுவலகத்தில் இருந்தபோது மேஜைக்கு வரும்; இப்போது வீட்டுக்கு வருகிறது. பெட்டியைத் தேவகிதான் தூக்கிக்கொண்டு வருவாள். இரண்டு கையாலும் நீட்டுவாள். நான் "உனக்கு ஒண்ணு" என்று கொடுத்தபிறகுதான் உட்காருவாள்.

"நீங்க நாள் பாத்து சேத்த வேலை சார். ஒரு மெமோகூட இல்லாம முடியப்போகுது" என்றார் டீச்சர். இதையேதான் ஒவ்வொரு வருடமும் சொல்வார், வருட எண்ணிக்கை மட்டும் மாறும்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எதுவோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"லெட்டர் அனுப்பிட்டீங்களா சார்?"

"அனுப்பிட்டேம்மா."

"உள்ளத எழுதியிருப்பீங்க" என்றார்.

ராஜாமணி காபி கொண்டு வந்ததால் பேச்சு மாறியது. பல் வலியால் மைசூர்பாகு தின்னவில்லை.

ஏப்ரல் 3, செவ்வாய்

மைசூர்பாகில் எறும்பு. ராஜாமணி வெயிலில் வைத்தாள்.

மே 31, வியாழன்

பூரணம் டீச்சருக்குப் பிரிவுபசார விழா. கோடை விடுமுறை, பிள்ளைகள் கிடையாது. பதினைந்து ஆசிரியர்கள், சந்தன மாலை, ஒரு சுவர்க்கடிகாரம். ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கடிகாரம் கொடுக்கும் வழக்கத்தை எவன் கண்டுபிடித்தானோ.

என்னையும் பேசச் சொன்னார்கள். நல்ல நாளில் வந்தவர், நல்லபடியாகப் போகிறார் என்றேன். கைதட்டினார்கள்.

டீச்சர் ஏற்புரையில் இரண்டே வார்த்தை பேசினார். "எனக்குப் பின்னால என் பிள்ளைக்கு ஒரு வழி கேட்டுத்தான் கோர்ட்டுக்குப் போயிருக்கேன். வேற பேராசை ஒண்ணும் இல்ல. யாரும் தப்பா நெனைக்காதீங்க" என்றார். தேவகி மேடையில் மாலையிலிருந்து ஒவ்வொரு மணியாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று நினைக்கிறேன். பாதியிலேயே வந்துவிட்டேன்.

ஜூன் 20, புதன்

காலை பதினொரு மணிக்குப் பிச்சைமணி பேசினார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"கேஸ் தள்ளுபடி ஆயிருச்சு சார். உங்க அறிக்கைதான் நமக்குக் கை குடுத்துச்சு. பெரிய ஆபீஸ்ல எல்லாரும் உங்களப் பத்தித்தான் பேசுறாங்க. பழைய ஆளு பழைய ஆளுதான்னு."

ராஜாமணி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவருடைய குரல் எப்போதும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்கும்.

"என்ன எழுதுனீங்க?" என்றாள்.

நான் செய்தித்தாளை எடுத்துப் பிரித்தேன். அவளே எழுந்து போய்ப் பீரோவிலிருந்து என் கோப்பை எடுத்தாள். அலுவலகப் பிரதி ஒன்று வைத்துக்கொள்ளாமல் நான் எந்தக் கடிதமும் அனுப்பியதில்லை. அந்தப் பழக்கம் அவளுக்குத் தெரியும். எட்டாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக்கூட்டி, சத்தமாகவே வாசித்தாள்.

"திருமதி பூரணம் 31.3.2003 முற்பகல் பள்ளிக்கு வந்தார். அன்றே பணியில் சேர்க்க அலுவலகம் தயாராக இருந்தும், அன்றைய தினம் தமக்கு நல்ல நாள் அல்ல என்பதால், தம் சொந்த விருப்பத்தின் பேரில் 2.4.2003 அன்று சேர்ந்துகொள்வதாகக் கூறிச் சென்றார்."

வாசித்து முடித்துத் தாளைக் கோப்பில் வைத்து, நாடாவைக் கட்டி, பீரோவில் இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு கீரையை ஆய உட்கார்ந்தாள்.

ஜூன் 21, வியாழன்

ராஜாமணி பேசவில்லை.

ஜூன் 25, திங்கள்

பேசவில்லை. சோறு போடுகிறாள்.

ஜூன் 30, சனி

இன்று பேசினாள்.

"எனக்கு உங்களுக்கப்புறம் பென்சன் வரும்ல?"

வரும் என்றேன்.

"அந்தப் பிள்ளைக்கு?"

ஜூலை 4, புதன்

பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். ஒவ்வொரு வருடத்துப் பஞ்சாங்கமும் அதில் இருக்கிறது. நான் எதையும் தூக்கிப் போடுபவன் இல்லை.

பங்குனி 17, திங்கள். சந்திரன் கும்பத்தில். சந்திராஷ்டமம் கடக ராசிக்கு. அனுஷம் விருச்சிகம். டீச்சருக்கு அன்று ஒன்றுமே இல்லை. ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால்வரை நல்ல நேரம் என்று போட்டிருக்கிறது. அவர் வந்தது ஒன்பதே முக்கால்.

பார்த்துத் தெரிந்துகொண்டதாக எழுதினால் அதுவும் பொய். எனக்கு அன்றைக்கே தெரியும். அலுவலகக் காலண்டரில் மூன்று நாளாகத் தாளே கிழிக்கவில்லை. நான் எதையும் பார்க்கவில்லை. ஆளை அனுப்ப வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன். சட்டம் பேசி அனுப்பினால் எதிர்த்துக் கேட்பார்கள், சந்திராஷ்டமம் என்றால் கும்பிட்டுவிட்டுப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருடத்தில் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க இப்போது பயமாக இருக்கிறது.

ஆகஸ்டில் அரசாணை வந்தபோது அதைப் படித்துக் கோப்பில் சேர்த்தவனும் நான்தான். ஏப்ரல் 1 என்ற தேதியைப் பார்த்ததும் கை நின்றது. மதியம் டீச்சரைக் கூப்பிட்டுப் புதிய திட்டத்தின் படிவத்தைக் கொடுத்து, இங்கே கையெழுத்துப் போடுங்க என்றேன். "ரெண்டு நாள்ல போச்சே சார்" என்றார். எல்லாம் தலையெழுத்தும்மா என்றேன்.

பெரிய தவறு செய்தால்தான் பெரிய பாவம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9, திங்கள்

நாள் பார்க்காமல் போனேன்.

பூரணம் டீச்சர் வாடகை வீட்டை மாற்றியிருக்கிறார். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை, முன்னால் தகரம் இறக்கித் தையல் மெஷின். நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். தேவகி கத்தரித்த துணிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் "சீலு?" என்றாள்.

கொண்டு போன கடிதத்தைக் கொடுத்தேன். இந்த முறை உண்மையாகவே உள்ளதை எழுதியிருந்தேன். அலுவலக வேலையை முன்னிட்டு நான்தான் பொய்க் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினேன் என்றும், நீதிமன்றத்துக்குப் போன அறிக்கை தவறு என்றும். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"மேல்முறையீடு செய்யலாம்மா. நானே வந்து சாட்சி சொல்றேன்."

"வக்கீல்கிட்டக் கேட்டுட்டேன் சார். மொதல்ல எழுதுனத மாத்தி எழுதுனா ரெண்டையும் நம்ப மாட்டாங்களாம். அதுக்கு மேல செலவு பண்ண எங்கிட்ட என்ன இருக்கு? வந்த காசுல பாதி கடனுக்கே போயிருச்சு."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று சரியாக ஞாபகமில்லை. அழுதேன் என்பது ஞாபகமிருக்கிறது. தேவகி பயந்துபோய்த் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அன்னிக்குச் சந்திராஷ்டமம் கடகத்துக்கு சார்" என்றார் டீச்சர். "நான் விருச்சிகம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"வீட்டுக்குப் போனதும் காலண்டரப் பாத்தேன். பத்தொம்போது வருசம் காத்திருந்து வாங்கின ஆர்டரு. பாக்க மாட்டேனா? ஆனா புது ஆளு நான். ஆபீஸ்ல இருக்கவங்களப் பகைச்சுக்கிட்டு எப்படி வேலை பாக்க? ரெண்டு நாள்தானன்னு இருந்துட்டேன். சம்பளத்துல ரெண்டு நாள் போகும், அவ்வளவுதானன்னு."

"அப்ப... வருசா வருசம் ஸ்வீட்டு..."

"மொத வருசம் பயத்துல குடுத்தேன் சார். அப்புறம் பயத்துல குடுக்கல."

மெஷினில் இருந்த துணியை எடுத்து மடித்தார்.

"அந்தத் தேதி வந்தா உங்களுக்கு ஞாபகம் வருமேன்னு வந்தேன். நீங்களா ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு உக்காந்திருப்பேன். பதினஞ்சு வருசம் உக்காந்து பாத்தாச்சு. நீங்க சொல்லியிருந்தா எனக்குப் பென்சன் வந்திருக்கும்னு சொல்லல. வராமலும் போயிருக்கலாம். ஆனா நானா வேணாம்னு போனேன்னு எழுதிட்டீங்களே சார். என் பிள்ளைய நானே தெருவுல விட்டேன்னுல்ல ஆயிருச்சு."

பேசும்போது ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. பிறகு சுவரில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பழுப்பேறிய சத்துணவுக் கணக்குத் தாள். பின்பக்கம் முழுக்கத் தேவகி குத்திய முத்திரைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, கோணல்மாணலாக. ஒவ்வொன்றிலும் 31 மார்ச் 2003. பள்ளியின் பெயர் தெளிவாகவே தெரிந்தது.

"நான் வந்தேங்கிறதுக்கு இது இருந்துச்சு சார். ஏன் திரும்பிப் போனேங்கிறதுக்குத்தான் உங்களக் கேட்டது" என்றார்.

டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நான் வந்துவிட்டேன். என் கடிதத்தைத் திருப்பித் தரவும் இல்லை, வைத்துக்கொள்வதாகச் சொல்லவும் இல்லை. மெஷின் மேல் இருந்தது.

ஜூலை 10, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 17, சனி

பல்லைப் பிடுங்கினேன். காலண்டரைப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் ராஜாமணிதான் தாளைக் கிழிக்கிறாள்.

2019

ஏப்ரல் 2, செவ்வாய்

இந்த வருட டைரி வாங்கவில்லை. பழைய டைரியின் கடைசியில் குறிப்புகளுக்கென்று விட்டிருக்கும் வெற்றுப் பக்கத்தில் எழுதுகிறேன்.

காலையில் கருவூலத்தில் நேர்காணல். ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறாரா என்று வருடத்துக்கொரு முறை நேரில் பார்த்து உறுதி செய்வார்கள். ஒரு சின்னப் பெண் என் முகத்தையும் புத்தகத்தில் இருந்த படத்தையும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள். இன்னும் ஒரு வருடத்துக்குக் கவலையில்லை. வெளியே வந்தபோது மணி பதினொன்று.

வீட்டுக்கு வந்து வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ராஜாமணி எதற்கு என்று கேட்கவில்லை. மூன்று மணிவரை யாரும் வரவில்லை. யார் வருவார்கள்?

பிறகு எழுந்து கடைத்தெருவுக்குப் போனேன். கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். ரப்பர் ஸ்டாம்பு கடையில் தேதி உருட்டும் முத்திரை ஒன்றும் மைப்பெட்டியும் வாங்கினேன்.

டீச்சர் மெஷினில் இருந்தார். "வாங்க சார்" என்றார். முக்காலியைத் தள்ளிப் போட்டார். இளைத்திருந்தார். நான் மைசூர்பாகைத் தேவகியிடம் இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்ததும் வாங்கிக்கொண்டாள். பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து, "உனக்கு ஒண்ணு" என்று என்னிடம் கொடுத்தாள்.

முத்திரையைக் கண்டதும் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. "சீலு! சீலு!" என்று கத்தினாள். ஓடிப்போய் அந்தப் பழைய தாளையே எடுத்து வந்து தரையில் விரித்தாள். அதில் விரல் வைக்கவும் இடமில்லை. ஒரு முத்திரையைத் தொட்டுக் காட்டி, அதே மாதிரி வேண்டும் என்றாள். எழுத்துத் தெரியாவிட்டாலும் உருவம் தெரிகிறது அவளுக்கு. நான் இன்றைய தேதியை வைத்துக் குத்திக் காட்டினேன். இல்லை என்று தலையாட்டினாள். இது இல்லை, அது.

மாதத்தை உருட்டினேன், மார்ச் வந்தது. நாளை உருட்டினேன்; முப்பத்தொன்று வந்தது. வருடத்தையும் உருட்டினேன். 2019இல் தொடங்கி 2030 வரை போய் மறுபடியும் 2019க்கே வந்தது. இன்னொரு முறை உருட்டிப் பார்த்தேன்.

"அதுல இருக்காது சார். விடுங்க" என்றார் டீச்சர், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.